பள்ளிக்கூடச் சம்பளம்

"ரெண்டு மாசச் சம்பளம் பாக்கி தம்பி, அதான் டிசி குடுக்க மாட்டேன்னுட்டாங்க."

கோட்டைக்குப்பத்தில் வலையைப் பிரித்துப் போட்டபடியே ஒரு தாத்தா இப்படிச் சொன்னபோது எனக்குச் சுத்தமா விளங்கலை. ஐடி கம்பெனி புத்தி வேற எப்படி யோசிக்கும்? இவருக்கு யாரோ சம்பளம் பாக்கி வச்சுட்டு, ரிலீவிங் லெட்டரும் தராம இழுத்தடிச்சிருக்காங்கன்னு நினைச்சுக்கிட்டு, "எந்தக் கம்பெனி தாத்தா?"ன்னு கேட்டு வச்சேன். பக்கத்தில் நின்ன நண்பன் தலையில் அடிச்சுக்கிட்டான்.

அவர் சொன்னது பள்ளிக்கூடச் சம்பளம். நாம ஃபீஸ்னு சொல்றதை அந்தக் காலத்தில் சம்பளம்னுதான் சொல்லியிருக்காங்க. பழைய சுயசரிதை எல்லாம் தேடிப் படிக்கிற நம்ம மக்களுக்கு இது தெரிஞ்சிருக்கும். "சம்பளம் கட்டியாச்சா?"ன்னு வாத்தியார் கேட்பார். சலுகை கிடைச்ச பையன் "அரைச் சம்பளம்". எனக்கு இது புதுசு. பையன் கட்டுற காசுக்கு ஏன் சம்பளம்னு பேரு? வாத்தியாருக்குப் போகிற சம்பளத்தைப் பையன் வீட்டிலிருந்து நேரா எடுத்துட்டுப் போன காலத்தோட மிச்சம் அந்தச் சொல். எனக்குத் தோணுவது அப்படித்தான்.

நாங்க போனது பூநாரை பார்க்கவும் நண்டு சாப்பிடவும். ரெண்டும் நடந்தது, அதைப் பத்தித் தனியா ஒரு பதிவு போடுறேன். ஆனா திரும்பி வரும்போது மண்டைக்குள்ள இந்தச் சம்பளம்தான் ஓடிக்கிட்டிருந்தது. அதனால இந்தப் பதிவு கொஞ்சம் நீளம், பொறுத்துக்கோங்க.

முதல்ல ஊர். பொன்னேரியிலிருந்து பஸ் பிடிச்சா பழவேற்காடு. அதை ஒட்டி இருக்கிற மீனவர் குப்பங்களில் ஒண்ணு கோட்டைக்குப்பம். பேர்ல இருக்கிற கோட்டை, டச்சுக்காரங்க 1613-ல் கட்டின கெல்டிரியா கோட்டை. இன்னைக்குப் போனா மேடும் புதரும்தான் இருக்கு. சோழமண்டலக் கரையில் டச்சுக் கம்பெனிக்கு ஒரு காலத்தில் இதுதான் தலைமையிடம். 1825-ல் ஊர் ஆங்கிலேயர் கைக்கு வந்தது. கோட்டை போய் இருநூறு வருஷம் ஆச்சு, குப்பம் அப்படியே இருக்கு.

தாத்தாவுக்கு எண்பதைத் தாண்டிருச்சு. நண்பனுக்குச் சொந்தத் தாத்தா. உள்ளூர்ல அஞ்சாவது வரை படிச்சிருக்கார். நடுவில் ஒரு வருஷம் அரை நாள் பள்ளிக்கூடம். 1953-ல் ராஜாஜி கொண்டுவந்த திட்டம், நாம 'குலக்கல்வி'ன்னு படிச்சமே, அதேதான். பாதி நாள் பள்ளி, மீதி நேரம் அப்பன் தொழில். இவர் விஷயத்தில் அது ஏரி. "எனக்கு அது புடிச்சுதான் இருந்துச்சு, ஏரிக்குப் போலாம்ல" என்று சிரிச்சார் (வரலாற்றுப் புத்தகத்தில் இந்தக் கோணம் கிடைக்காது :-)). காமராஜர் 1954 ஏப்ரலில் முதலமைச்சராகி, அடுத்த மாசமே அந்தத் திட்டத்தை எடுத்துட்டார்.

பிறகு கொஞ்சம் தள்ளி இருக்கிற ஹைஸ்கூல். பேர் வேண்டாம். நாலாவது ஃபாரம், அதாவது நம்ம ஒன்பதாவது, படிக்கும்போது 1958-ல் ரெண்டு மாசம் சம்பளம் கட்ட முடியலை. மாசத்துக்கு அஞ்சு ரூபாய் சொச்சம் என்பது அவர் நினைவு. தேதி தாண்டினா தண்டம் போடுவாங்க, தண்டமும் கட்டலைன்னா பதிவேட்டில் பேரை அடிச்சுடுவாங்க. அடிச்சாச்சு. வேற பள்ளியில் சேரலாம்னு டிசி கேட்டா, பாக்கியைக் கட்டிட்டு வாங்கிக்கோன்னு பதில். கட்டலை. அதோட படிப்பு முடிஞ்சது.

அரைச் சம்பளம் கேட்டிருக்கலாமேன்னு கேட்டேன். கேட்டிருக்காங்க. அதுக்கு வருமானச் சான்று வேணும். அவங்கப்பா எழுத்தும் தெரியாம, ஆளும் தெரியாம ஆபீஸ் ஆபீஸா நாலு நாள் நடந்திருக்கார். "உன் வருச வருமானம் எவ்ளோ?"ன்னு கேட்டா அந்த மனுஷன் என்ன சொல்வார்? எறால் வந்த நாள்ல கை நிறையக் காசு, வராத மாசம் வட்டிக்கடன். வருச வருமானம்னு ஒரு நம்பரை மீனவன் எந்தக் கணக்கில் சொல்றது? நாலு நாள் ஏரிக்குப் போகாததில் போனதே ஒரு மாசச் சம்பளம் இருக்கும்.

இந்த இடத்தில் கொஞ்சம் பின்னாடி போகணும். ரொம்பப் பின்னாடி.

தாமஸ் மன்றோ சென்னை கவர்னரா இருந்தப்ப, 1822-ல் எல்லாக் கலெக்டருக்கும் ஓலை அனுப்பினார். உங்க ஜில்லாவில் எத்தனை பள்ளிக்கூடம், எத்தனை பிள்ளைங்க, என்ன சாதி, என்ன கட்டணம், கணக்கு அனுப்புங்கன்னு. 1826-ல் எல்லாத்தையும் கூட்டினால் மாகாணம் முழுக்க 12,498 பள்ளிக்கூடம், 1,88,650 பிள்ளைங்க. தரம்பால் 1983-ல் இந்த ஆவணங்களைத் தொகுத்துப் புத்தகமாப் போட்ட பிறகு, இந்த நம்பரை வச்சு ரெண்டு பக்கமும் சண்டை போட்டாச்சு. 'பார்த்தியா எவ்வளவு பள்ளிக்கூடம்'னு ஒரு கோஷ்டி, 'யாருக்கு இருந்தது பார்த்தியா'ன்னு இன்னொரு கோஷ்டி. அந்தக் கும்மிக்குள்ள நான் போகலை. எனக்கு வேண்டியது ஃபீஸ் காலம் மட்டும். பையனுக்கு மாசம் நாலணாவில் இருந்து ஆறணா, எட்டணா வரை. வாத்தியாருக்கு எல்லாம் சேர்த்து மாசம் ஆறு ஏழு ரூபாய்க்கு மேல தேறாதுன்னு மன்றோ எழுதுகிறார். ஜனங்களோட வறுமையையும் காரணமாச் சொல்றார். (பழவேற்காடு அப்போ டச்சுக்காரன் கையில். அதனால இந்தக் கணக்கில் நம்ம குப்பம் வந்திருக்க வாய்ப்பில்லை.)

ஆக, திண்ணைப் பள்ளிக்கூடத்திலும் காசு உண்டு. காசு மட்டும் இல்ல, நெல்லு, காய்கறி, பண்டிகைக்குத் துணி, நவராத்திரிக்குப் பிள்ளைங்களைக் கூட்டிக்கிட்டு வீடு வீடாப் பாடி வசூல் பண்றதும் உண்டு. ஆனா வாத்தியார் அதே ஊர்க்காரர். எந்த வீட்டில் இந்த மாசம் அடுப்பு எரியலைன்னு அவருக்குத் தெரியும். அறுப்பு முடிஞ்சதும் வாங்கிப்பார். நல்லவர்ங்கிறதால இல்ல, அவருக்கு வேற வழி இல்லை. அந்தத் திண்ணைக்கு எல்லாச் சாதிப் பிள்ளையும் வர முடியாது என்பதையும் இங்கேயே சொல்லிடணும், இல்லைன்னா நாளைக்கு என்னைப் பொற்கால கோஷ்டியில் சேர்த்துடுவீங்க.

மன்றோ அரசாங்கச் செலவில் பள்ளிகள் தொடங்கணும்னார். தாலுக்காவுக்கு ஒரு தாசில்தார் பள்ளி, வாத்தியாருக்கு மாசம் 9 ரூபாய். மீதியைப் பையன்கள் ஃபீஸில் ஈடு கட்டிக்கலாம்னு கணக்கு. 1836-ல் அந்தப் பள்ளிகளை இழுத்து மூடிட்டாங்க.

அடுத்து 1854. சார்லஸ் உட் அனுப்பின கல்வி அறிக்கை. பரீட்சைக்குப் படிச்சு மறந்திருப்பீங்க. தனியார் பள்ளிகளுக்கு அரசு மானியம் கொடுக்கிற வழக்கம் இதிலிருந்துதான் வருது. அதில் ஒரு நிபந்தனை. மானியம் வாங்குற பள்ளி பிள்ளைங்க கிட்ட எவ்வளவு சின்னத் தொகையானாலும் சரி, கட்டணம் வாங்கியே ஆகணும். காரணம்? இலவசமாக் கிடைக்கிற படிப்பை ஜனங்க மதிக்க மாட்டாங்களாம், காசு கொடுத்தாத்தான் ஒழுங்கா வருவாங்களாம்.

இதைப் படிச்சப்ப எனக்கு எங்க ஆபீஸ் கேன்டீன் ஞாபகம் வந்தது. 'ஃப்ரீயாக் குடுத்தா மதிக்க மாட்டான் சார்'னு வாரம் ஒரு தடவையாவது காதில் விழுது. இலவச மடிக்கணினி பத்தி, இலவச சைக்கிள் பத்தி, அதே வசனம். பேசுறவங்களுக்குத் தெரியாது, அவங்க வாயில் வர்றது 1854-ஆம் வருஷத்து லண்டன் வசனம்.

நிபந்தனை காகிதத்தில் சின்னதுதான். ஆனா அதோட பலன் பெருசு. திண்ணை வாத்தியார் ஊர் நிலவரம் பார்த்து வாங்கின காசு, இப்போ விதியாகி, தேதியாகி, பதிவேட்டில் ஒரு கட்டமாகி விட்டது. 1860-களில் இருந்து இன்னொரு கூத்தும் சேர்ந்தது. இன்ஸ்பெக்டர் வந்து ஒவ்வொரு பிள்ளையையும் வாசிக்கச் சொல்லி, எழுதச் சொல்லி, கணக்குப் போடச் சொல்லி, எத்தனை பேர் தேறினாங்களோ அதுக்கேற்ற மானியம். நம்ம அப்ரைசல் மாதிரியே. அடிக்கடி லீவு போடுற பிள்ளை, வலை இழுக்கப் போற பிள்ளை எல்லாம் வாத்தியாருக்கு நஷ்டக் கணக்கு. சென்னை மாகாணத்தில் இது 1900-களின் தொடக்கம் வரை ஓடியிருக்கு.

ஃபீஸே வேண்டாம்னு சட்டசபையில் கேட்டவர் கோகலே. 1911-ல் அவர் கொண்டு வந்த மசோதா ரொம்ப அடக்கமானது. ஆறிலிருந்து பத்து வயசு வரை, பையன்களுக்கு மட்டும், அதுவும் உள்ளாட்சி விரும்பினா மட்டும் கட்டாயக் கல்வி. மாசம் 10 ரூபாய்க்குக் கீழ் வருமானம் உள்ள குடும்பத்தில் கட்டணம் வாங்கக் கூடாது. இவ்வளவுதான். 1912 மார்ச்சில் 38-க்கு 13 என்ற கணக்கில் தோற்கடிச்சாங்க.

1920-ல் சென்னை மாகாணத் தொடக்கக் கல்விச் சட்டம் வந்தது. உள்ளாட்சிகள் கல்வி வரி போடலாம், கட்டாயக் கல்வி அறிவிக்கலாம், பிள்ளையை அனுப்பாத பெற்றோருக்கு அபராதம் விதிக்கலாம். அபராதம் எப்படி இடம் மாறுது பாருங்க. அதுவரை பள்ளிக்கு வந்து காசு கட்டாதவனுக்குத் தண்டம். இப்போ வராதவனுக்கும் தண்டம். வராததுக்குக் காரணம் ரெண்டிலும் ஒண்ணேதான்.

அதே 1920-ல் சென்னை மாநகராட்சி, பிட்டி தியாகராயர் தலைமையில், ஆயிரம் விளக்குப் பள்ளியில் மதிய உணவு கொடுத்தது. பிள்ளைக்கு நாளைக்கு ஒரு அணாவுக்கு மேல் போகக் கூடாதுன்னு வரம்பு. பிள்ளை பள்ளிக்குக் காசு கொண்டு வரணும்கிற விதிக்கு நடுவில், பள்ளி பிள்ளைக்குச் செலவு பண்ணணும்னு யோசிச்சாங்களே, அது பெரிய திருப்பம். சில வருஷத்தில் அரசு ஆட்சேபித்து நின்னு போச்சு.

தாத்தா கதைக்கு வர்றேன். அவர் பேச்சில் ஒரு விஷயம் எனக்கு உறுத்திக்கிட்டே இருந்தது. இந்த ஊருக்குச் சேர்ந்து காசு போடத் தெரியாதா? அதுவும் கோட்டைக்குப்பத்துக்கு?

பழவேற்காடு ஏரியில் 'பாடு' என்று ஒரு முறை உண்டு. ஏரியில் எறால் ஓடுற நல்ல இடங்கள் குறைவு. எல்லாரும் ஒரே இடத்தில் சுத்துவலை போட்டா வெட்டுக்குத்துதான். அதனால இந்த இடத்தில் இன்னைக்கு யார் வலை போடுறதுன்னு ஊர் முறை வச்சுப் பிரிச்சுக்குது. கோட்டைக்குப்பம், ஆண்டிக்குப்பம், நடுவூர் மாதாகுப்பம் மூணு ஊருக்கும் சேர்ந்த ஏற்பாடு. தலைக்கட்டு கணக்கில் உரிமை. முறை தப்பினா ஊர்ப் பஞ்சாயத்து அபராதம். பொதுச்சொத்தைச் சண்டையில்லாம எப்படிப் பங்கு போடலாம்னு வெளிநாட்டு ஆராய்ச்சியாளர்கள் வந்து உட்கார்ந்து கட்டுரை எழுதின ஊர் இது. (பாட்டில் இடம் கிடைக்காத பக்கத்து ஊர்க்காரங்களுக்கு இதில் மனக்குறை உண்டு, அது வேற பஞ்சாயத்து.)

"பாட்டுக் காசுல ஊர்ப் பொதுச்செலவு எல்லாம் பண்றீங்களே, பசங்க சம்பளத்தைக் கட்டியிருக்கலாமே?"

தாத்தா வலையிலிருந்து கண்ணை எடுக்கலை. "கோயிலுக்குக் குடுப்போம். திருவிழாவுக்குக் குடுப்போம். போட்டு ஒடஞ்சா குடுப்போம். பள்ளிக்கூடச் சம்பளம் அவனவன் பாடு."

இந்தச் சொல் விளையாட்டை அவர் தெரிஞ்சு பண்ணினாரா தெரியலை. எனக்கு மட்டும் சிரிப்பு வந்து, அப்புறம் சிரிப்பு நின்னு போச்சு.

வேற ஒரு ஊர் இதை வேற மாதிரிப் பண்ணியிருக்கு. விருதுநகர். அங்கே நாடார் வணிகர்கள் தங்களோட சரக்குக்கு இவ்வளவுன்னு மகமை போட்டுப் பொதுநிதி வச்சிருந்தாங்க. வீடு வீடாப் பிடி அரிசியும் வசூல் பண்ணினாங்க. உலை வைக்கும் முன் ஒரு பிடி அரிசியை எடுத்துத் தனிப் பானையில் போடணும், ஆள் வந்து வாங்கிட்டுப் போவார். இந்தக் காசில் 1889-ல் க்ஷத்திரிய வித்யாசாலா பள்ளியைத் தொடங்கி, இலவசமா நடத்தினாங்க. அதில் படிச்ச ஒரு பையன் பேர் காமராஜ். சம்பளம் இல்லாத பள்ளியிலும் அவரால் படிப்பை முடிக்க முடியலை. அப்பா போயாச்சு, வீட்டில் வருமானம் இல்லை, கடைக்கு வேலைக்குப் போயிட்டார். ஃபீஸை எடுத்துட்டா மட்டும் பிள்ளை வகுப்பில் நிக்காது என்பதைப் புத்தகத்தில் படிக்க வேண்டிய அவசியம் அவருக்கு இல்லை. 1956-ல் மதிய உணவு, அப்புறம் சீருடை, அப்புறம் ஃபீஸ் ரத்து என்று வரிசையா வந்ததைப் பார்த்தா எனக்கு அப்படித்தான் தோணுது. கூட நின்னவர் பொதுக்கல்வி இயக்குநர் நெ.து. சுந்தரவடிவேலு. ஊர் ஊரா பள்ளிச் சீரமைப்பு மாநாடு நடத்தி, ஜனங்க கிட்ட இருந்தே பெஞ்சு, மணி, கட்டடம், நிலம்னு வாங்கினாங்க. பிள்ளை தலைக்கு இவ்வளவுன்னு வாங்குறதை விட்டுட்டு ஊர் கிட்ட ஊரா வாங்கினது. பிடி அரிசிப் பானையோட பெரிய வடிவம்.

1950-ல் வந்த அரசியல் சட்டம், பத்து வருஷத்துக்குள் 14 வயசு வரை இலவசக் கட்டாயக் கல்வி தர முயலணும்னு 45-ஆவது பிரிவில் சொன்னது. அதாவது கெடு 1960. அந்த 1960-ல்தான் சென்னை மாநிலத்தில் ஏழை வீட்டுப் பிள்ளைகளுக்குப் பள்ளிப் படிப்பு முடியும் வரை கட்டணம் ரத்தானது. முதலில் வருமான வரம்பு இருந்தது. மறுபடி சான்று, மறுபடி ஆபீஸ் நடை. அறுபதுகளின் நடுவில் வரம்பையும் எடுத்து, எல்லாருக்கும் இலவசம் ஆக்கினாங்க. எனக்கு முதல் பாதியை விட இந்த ரெண்டாவது பாதி முக்கியமாத் தோணுது. பணக்காரப் பிள்ளைக்கும் எதுக்கு இலவசம்னு கேட்பாங்க. சான்றிதழ் வாங்க நாலு நாள் நடந்த ஒருத்தரோட பையன் கிட்டப் பேசினா அந்தக் கேள்வி வராது.

தாத்தா பேரை அடிச்சது 1958. ரெண்டே வருஷம். இதை நான் அவர் கிட்ட வாய்விட்டுச் சொல்லிட்டேன், சொல்லியிருக்கக் கூடாது. "ஆமா, என் தம்பி படிச்சான்"னு மட்டும் சொன்னார்.

சரி, 60-களோட ஃபீஸ் கதை முடிஞ்சதான்னா, அதான் இல்லை. ரத்தானது டியூஷன் ஃபீஸ், அதாவது பழைய 'சம்பளம்'. அதோட நிழல்ல 'சிறப்புக் கட்டணம்'னு ஒண்ணு நின்னுக்கிட்டே இருந்தது. விளையாட்டுக்கு, நூலகத்துக்கு, அறிவியல் கூடத்துக்குன்னு ஒவ்வொரு தலைப்பிலும் சில்லறை சில்லறையா. எல்லாம் சேர்ந்தாலும் சில பத்து ரூபாய்தான். இது போக டிசம்பர்ல கொடி நாள், காசநோய் வில்லை. அந்த ஸ்டாம்பை எதில் ஒட்டறதுன்னு தெரியாம கணக்கு நோட்டு அட்டையில் ஒட்டி வச்சவங்க கை தூக்குங்க :-)

இதில் என் சொந்தக் கதை ஒண்ணு. எனக்கு நாலு வயசு மூத்த அக்கா. அரசுப் பள்ளி, பேர் வேண்டாம். சிறப்புக் கட்டணம் கட்டலைன்னு மூணு நாள் வராந்தாவில் நிக்க வச்சாங்க. தனியா இல்லை, கூட ஆறேழு பேர். அப்பாவுக்கு லாரி ஷெட்டில் வாரக்கூலி, அந்த வாரம் வரலை. சனிக்கிழமை வந்ததும் கட்டியாச்சு. தொகை ஐம்பத்திச் சொச்சம்னு அம்மாவுக்கு இன்னும் ஞாபகம் இருக்கு. அக்காவுக்கு ஞாபகம் இருக்கிறது வேற. வராந்தாவில் நின்ன மூணு நாளும் உள்ளே நடந்த பாடம் பின்னம். இன்னைக்கும் பின்னம்னா அவளுக்கு ஆகாது.

6 முதல் 10 வரைக்கும் சிறப்புக் கட்டணத்தை அரசு ரத்து பண்ணினது 2008-ல். நான் ஆறாவதில் கால் வச்ச வருஷம். 11, 12-க்கு 2011-ல் ரத்து. அதனால ஒரே வீட்டில், ஒரே பள்ளியில், அக்கா கட்டினா, நான் கட்டலை. வராந்தா எனக்குத் தெரியாது. அதை என் புத்திசாலித்தனம்னு நினைச்சுக்கிட்டு ரொம்ப நாள் சுத்தியிருக்கேன்.

2010 ஏப்ரல் 1 முதல் அமலுக்கு வந்த கல்வி உரிமைச் சட்டத்தில் மூணாவது பிரிவைப் படிச்சுப் பார்த்தேன். தொடக்கக் கல்வியை முடிக்க விடாம தடுக்கக் கூடிய எந்தக் கட்டணமோ செலவோ பிள்ளை மேல விழக் கூடாதுங்கிறது அதோட சாரம். 'ஃபீஸ்' மட்டும்னு எழுதாம மத்த செலவையும் சேர்த்தவர் யாரோ, அவருக்கு வராந்தா தெரிஞ்சிருக்கணும்.

புரோகிராம் எழுதுறவன் கண்ணுக்கு இந்தக் கதை முழுக்க ஒரு பக் தெரியுது. தொகை எப்பவுமே பிரச்சினையா இருந்ததில்லை. தேதிதான் பிரச்சினை. பள்ளி ஜூன்ல திறக்கும். பழவேற்காட்டில் ஜூன் எப்படி இருக்கும்? கோடையில் முகத்துவாரத்தை மணல் மூடிக்கும். கடல் தண்ணி வரத்து குறைஞ்சு ஏரி இளைச்சுக் கிடக்கும். வடகிழக்கு மழை பிடிச்சு, ஆரணி ஆத்துத் தண்ணி வந்து முட்டி, வாய் திறந்தாத்தான் எறால். கையில் காசு புரள்றது அதுக்கப்புறம். தாத்தா ரெண்டு மாசம் பாக்கி வச்சதும் பள்ளி திறந்த கையோட வர்ற அந்த ரெண்டு மாசம்தான். "ஐப்பசி வரைக்கும் பொறுத்திருந்தா எங்கப்பாரு மொத்தமாக் கட்டியிருப்பாரு"ன்னார். சம்பளக்காரன் வீட்டுக் காலண்டரை ஹார்ட்கோட் பண்ணி, அதையே ஏரியிலும் ஓட்டிப் பார்த்திருக்காங்க.

இத்தனைக்கும் அரசாங்கத்துக்கு இது தெரியாத விஷயம் இல்லை. மீன்வளத் துறையைக் கேட்டுப் பாருங்க, மீன்பிடி குறைவு கால நிவாரணம்னு ஒரு திட்டமே இருக்கு. சேமிப்பு நிவாரணத் திட்டத்தில் மீனவர் 1,500 ரூபாய் சேர்த்தா, அரசு 3,000 போட்டு 4,500-ஆ வறண்ட மாசத்தில் திருப்பித் தரும். மீனவனுக்கு வறண்ட மாசம் உண்டுன்னு ஒரு துறையோட பதிவேட்டுக்குத் தெரியும். பள்ளிப் பதிவேட்டுக்குத்தான் கடைசி வரை தெரியலை.

டிசி விஷயம் பாக்கி இருக்கு. தாத்தாவுக்குப் படிப்பு போனதை விட அந்தக் காகிதம் போனதுதான் பின்னாடி இடிச்சிருக்கு. இருபத்தஞ்சு வயசில் பக்கத்தில் ஒரு இடத்தில் வேலைக்கு ஆள் எடுத்தாங்க. எட்டாவது தேறினதுக்கு அத்தாட்சி கேட்டாங்க. எட்டாவது தேறினவர்தான், அத்தாட்சி இல்லை. வயசுக்கும் அதே கதை. பத்து ரூபாய் சொச்சத்துக்காக நிறுத்தி வச்ச காகிதம்.

டிசியைப் பாக்கி வசூலுக்குக் கருவியாப் பயன்படுத்தக் கூடாது, கட்டணப் பாக்கின்னு அதில் எழுதக் கூடாதுன்னு சென்னை உயர் நீதிமன்றம் 2024 ஜூலையில் ஒரு தீர்ப்பில் சொன்னது. அது தனியார் பள்ளிகள் சம்பந்தப்பட்ட வழக்கு. தீர்ப்புச் செய்தியைப் போன்ல தேடி எடுத்துத் தாத்தாவுக்குப் படிச்சுக் காட்டினேன். அறுபத்தி ஆறு வருஷம் லேட்டா வந்த தீர்ப்பை அவர் பொறுமையாக் கேட்டார்.

அப்போ நண்பனோட அக்கா உள்ளே போய் ஒரு பிளாஸ்டிக் உறையை எடுத்துட்டு வந்தாங்க. அவங்க பையன் அரசுப் பள்ளியில் பத்தாவது முடிச்சு வாங்கின டிசி. தாத்தா கண்ணாடியைப் போட்டுக்கிட்டு ஒவ்வொரு வரியாப் படிச்சார். பேர், தகப்பன் பேர், அங்க அடையாளம் ரெண்டு. பாதி தாண்டினதும் விரல் ஒரு வரியில் நின்னுச்சு. மாணவர் பள்ளிக்குச் செலுத்த வேண்டிய கட்டணத் தொகை அனைத்தையும் செலுத்திவிட்டாரா?

எதிரே நீல மையில் 'ஆம்'.

"இவனுக்கு எவ்ளோம்மா கட்டுன?"ன்னு கேட்டார்.

"ஒண்ணும் கட்டலியே தாத்தா. தமிழ் மீடியம், பரீட்சை ஃபீஸு கூட இல்ல."

"அப்புறம் எதுக்கு இதைக் கேக்குறான்?"

அக்காவுக்குப் பதில் தெரியலை, எனக்கும் தெரியலை. தாத்தா உறைக்குள் திரும்ப வச்சுக் கொடுத்துட்டு, இருட்டுறதுக்குள்ள அந்த வலையை முடிக்கணும்னு உட்கார்ந்துட்டார்.

டிஸ்கி: பூநாரைப் படங்கள் அடுத்த பதிவில், கண்டிப்பா. உங்க வீட்டுப் பெரியவங்க 'பள்ளிக்கூடச் சம்பளம்'னு சொல்லிக் கேட்டிருந்தா, எந்த ஊர், எவ்வளவுன்னு பின்னூட்டத்தில் போட்டுட்டுப் போங்க. சேர்த்து வச்சுக்கிறேன்.